வானிலை ஆன்லைன் கிளாஸ்: ஸ்லைடு மொக்கை, சார் சூப்பர்

பொண்ணு ஏழாவது படிக்கிறா, மழை வருமா லீவு விடுவாங்களான்னு எப்பவும் போன நோண்டிட்டே இருப்பா, சரி அதையே ஒழுங்கா கத்துக்கட்டுமேன்னு செப்டம்பர்ல ஒரு ஆன்லைன் வானிலை கோர்ஸ்ல சேர்த்து விட்டேன். அஞ்சு சனிக்கிழமை, 1,200 ரூபா. பேர் வேணாம்.

முதல் ரெண்டு கிளாஸ் சத்தியமா காசு போச்சுன்னுதான் நினைச்சேன். ஸ்லைடு பூரா எங்கேயோ வெளிநாட்டு பாடத்த அப்படியே தமிழ்ல மாத்தி வச்சிருக்காங்க. பனிமனுஷன் படம், இலை உதிர் காலம், டெம்பரேச்சர் ஃபாரன்ஹீட்ல, இதுல "குளிர் முன்பகுதி"ன்னு ஒரு தலைப்பு வேற, அது என்னன்னு நானும் யோசிச்சு யோசிச்சு பாத்தேன், கோல்ட் ஃப்ரண்டாம், அதாவது குளிர்ந்த காத்து முன்னேறி வர்ற எல்லை! தாம்பரத்துல உக்காந்திருக்கிற புள்ளைக்கு வடகிழக்கு பருவமழைன்னு ஒரு வார்த்தை வர மூணாவது கிளாஸ் ஆச்சு. ஆடியோ கேக்குதா கேக்குதான்னே பத்து நிமிஷம் போகும், அது தனி.

மூணாவது கிளாஸ்ல சாருக்கு ஸ்லைடு ஓப்பனே ஆகல. நல்ல வேளை. மனுஷன் ஒரு ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில எடுத்து மேல்பக்கத்த கட் பண்ணி புனல் மாதிரி கவுத்து வச்சாரு, அடியில வளைவா இருக்குமில்ல, அங்க கூழாங்கல்ல போட்டு தண்ணி ஊத்தி அந்த லெவல்ல ஸ்கேலோட ஜீரோவ ஒட்டினாரு, மழைமானி ரெடி. 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 சதுர மீட்டர்ல 1 லிட்டர் தண்ணின்னு சொல்லிட்டு, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுச்சே, அது உங்க மொட்டை மாடில பெஞ்சிருந்தா எவ்வளவுன்னு கேட்டாரு. எங்க மாடி 600 சதுர அடி, இவ கணக்கு போட்டா கிட்டத்தட்ட 53,000 லிட்டர் வருது, 12,000 லிட்டர் டேங்கர் லாரில நாலு லாரி தாண்டுது. எனக்கே தூக்கிவாரி போட்டுச்சு.

அடுத்த வாரம் ஒரே காமெடி. ஒரு சொட்டு மழை இல்லாத நாள்ல இவ பாட்டில்ல 18 மில்லிமீட்டர். பாத்தா பால்கனில மேல் வீட்டு ஏசி தண்ணி சொட்டி ரொம்பியிருக்கு. சார் சிரிச்சிட்டு விட்டுடாம அதையே பாடமா எடுத்தாரு, மழைமானிய திறந்த வெளில, பக்கத்து சுவரோட உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி வைக்கணும், வானிலை மையத்துல காலைல 8:30க்கு அளந்து முந்தின 24 மணி நேரத்து மழைய அந்த தேதில எழுதுவாங்க, அதனாலதான் திங்கக்கிழமை ராத்திரி பெஞ்ச மழை செவ்வாக்கிழமை கணக்குல வருதுன்னு. இத்தனை வருஷம் நியூஸ் பாக்கிறேன், இது எனக்கு தெரியாது.

ரேடார் கிளாஸும் நல்லா இருந்துச்சு ஆனா அவசர அவசரமா முடிச்சிட்டாங்க. ரெக்கார்டிங் ஏழே நாள்ல லாக் ஆயிடுது, இது அநியாயம், கேட்டு மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு பதிலே இல்ல. சர்டிஃபிகேட்ல பேர்ல ஒரு எழுத்து வேற தப்பு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் சாருக்கு. சேர்றதா இருந்தா முதல் ரெண்டு கிளாஸ மியூட்ல போட்டுட்டு வேற வேலைய பாருங்க. பாட்டில் இப்போ மொட்டை மாடில இருக்கு, காலைல 8:30க்கு ஸ்கூல் வேன் வந்துடுறதால ரீடிங் எடுக்கிற டியூட்டி எனக்கு.