தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் விற்கும் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, 9 வயதான என் மகளின் நெடுநாள் ஆசைக்காக, கொழும்பிலுள்ள ஒரு வளர்ப்பு மீன் கடையில் கண்ணாடித் தொட்டியொன்றையும், அதற்கு வேண்டிய பொருட்கள் அனைத்தையும், 25 மீன்களையும் ஒரே நாளில் வாங்கினேன். ஆறு வாரங்களுக்குள் அவற்றில் 22 மீன்கள் இறந்துபோயின. அந்த ஆறு வாரங்களிலும் நான் 7 முறை அதே கடைக்குச் சென்றேன். ஒவ்வொரு முறையும் ஏதோவொரு மருந்துடனோ வடிகட்டிக்கான புதிய பஞ்சுடனோதான் வீடு திரும்பினேன். முதல் நாளில் 41,500 ரூபாவும் பின்னர் சிறிது சிறிதாக 11,000 ரூபாவுக்கு மேலும் செலவாயின. என் முறைப்பாடு இன்னும் முடிவுறாததால் கடையின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் முதன்முறையாக மீன் வளர்க்க நினைக்கும் எவருக்கும் அங்கே நடந்தது பயன்படும் என்பதால், இயன்றவரை முழுமையாக எழுதுகிறேன்.

கடை முதலாளி அன்பாகப் பேசினார். என்னைத் "தங்கச்சி" என்றும் மகளைச் "செல்லம்" என்றும் அழைத்து, அவளுக்குப் பிடித்த நிறங்களைக் கேட்டு, அவள் விரல் நீட்டிய மீன்களையெல்லாம் வலையில் கோரிப் பைகளில் இட்டார். நான் இதற்கு முன்னர் மீன் வளர்த்திருக்கிறேனா என்று மட்டும் அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. தங்கமீன்கள் 4, டைகர் பார்ப் 6, ஏஞ்சல் 2, கப்பி 8, இளஞ்சிவப்பு நிற டெட்ரா 4, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் 1 என்று கணக்கு வந்தது. "புதுத் தண்ணீரில் உடனே மீன் விடலாமா?" என்று நான் கேட்டதற்கு, அரை லீற்றர் குடிநீர்ப் போத்தலொன்றில் இருந்த கலங்கலான திரவத்தைக் காட்டி, "இதை ஊத்தினா அரை மணித்தியாலத்தில தண்ணி ரெடி தங்கச்சி" என்றார். அந்தப் போத்தலில் பெயரோ, தயாரித்த திகதியோ, காலாவதித் திகதியோ எதுவும் இருக்கவில்லை. அதன் விலை 1,200 ரூபா. பற்றுச்சீட்டு கேட்டபோது, கடையின் பெயரில்லாத ஒரு சிறு தாளில் மொத்தத் தொகையை எழுதித் தந்தார். அதன் ஓரத்தில் "100 லீற்றர் தொட்டி" என்றும் எழுதியிருந்தார். அந்த ஓரக்குறிப்புத்தான் பின்னர் எனக்குப் பெரிதும் உதவியது.

மூன்றாம் நாள் காலையில் கப்பிகள் மூன்று மிதந்தன. மற்றவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். முதலாளி படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வருத்தம் பிடிச்சிருக்கு" என்று கூறி, நீல நிற மருந்தொன்றைத் தந்து, 100 லீற்றருக்குரிய அளவை ஊற்றுமாறு சொன்னார். வாரந்தோறும் வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பஞ்சு மாற்ற வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். அவர் கூறியவற்றை நான் ஒரு பக்தியுடன் செய்தேன். செய்யச் செய்ய மீன்கள் இறந்துகொண்டே இருந்தன. முதலில் கப்பிகள் முடிந்தன. பிறகு டைகர் பார்ப் மீன்கள் ஏஞ்சல்களின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கடித்து அவற்றை நூல்போல ஆக்கின. பிறகு தங்கமீன்கள் ஒவ்வொன்றாகப் போயின.

என் மகள் இறந்த ஒவ்வொரு மீனையும் எங்கள் தொடர்மாடியின் நடைபாதையில் இருக்கும் பூச்சாடிகளில் புதைத்து, மேலே ஐஸ்கிறீம் குச்சியொன்றை நட்டு வைத்தாள். குச்சிகள் பதினைந்துக்கு மேல் ஆனபோது, கீழ்மாடியில் வசிக்கும், விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவற்றைப் பார்த்துக் காரணம் கேட்டார். நாங்கள் "சேர்" என்று அழைக்கும் அவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மீன் வளர்ப்பவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அன்று மாலையே அவர் தம்முடைய பரிசோதனைத் துளிமருந்துகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோதனைக் குழாயில் எங்கள் தொட்டி நீர் கடும் பச்சையாக மாறியது. அமோனியா, லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்ற அளவைக் காட்டியது. அது பூச்சியமாக இருக்க வேண்டியது என்று அவர் சொன்னார்.

அவர் எனக்குக் கற்பித்ததை நான் விளங்கிக்கொண்டவாறே எழுதுகிறேன். மீன் உண்ணும் உணவின் கழிவு, பெரும்பாலும் பூ எனப்படும் செவுள்களின் வழியே, அமோனியாவாக நீரில் கலக்கிறது. உண்ணாமல் அழுகும் உணவும் அமோனியாவாகவே மாறுகிறது. ஆற்றிலோ குளத்திலோ அதனை உண்டு வாழும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவுவரை தாங்கக்கூடியது, வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றுவதால் குறைவது. புதிய தொட்டியொன்றில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை பஞ்சிலும் சரளைக்கல்லிலும் படிந்து போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். ஆகவே அரை மணித்தியாலத்தில் தண்ணீர் ஆயத்தமாகிவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் இந்தத் தொழிலின் அரிச்சுவடியை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தே பொய் சொல்பவராக இருக்க வேண்டும். எங்களுக்கு விற்றவர் பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவர்.

பெயரிட்டு, திகதியிட்டு, முத்திரையுடன் விற்கப்படும் பற்றீரியாத் திரவங்களில் சில உண்மையிலேயே உதவும் என்று சேர் நேர்மையாகவே கூறினார். எங்கள் போத்தலும் அப்படிப்பட்டதா என்று பார்க்க, அதில் எஞ்சியிருந்ததை அவர் ஒரு வாளி நீரில் ஊற்றி, சிறிதளவு அமோனியா சேர்த்து, காற்றுக் குமிழிகளை வெளிவிடும் காற்றுக்கல் ஒன்றையும் இட்டுப் பத்து நாட்கள் வைத்திருந்தார். பத்தாம் நாளிலும் அமோனியா இட்ட அளவிலேயே இருந்தது, நைத்திரைற்று தோன்றவே இல்லை. அதாவது அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் அந்தத் திரவத்தில் வேலை செய்யவில்லை.

ஆனால் என்னை உண்மையில் கோபமடையச் செய்தது அந்தப் போத்தல் அன்று. எனக்குத் தரப்பட்ட அறிவுரைகள் ஒவ்வொன்றும் தொட்டி ஒருநாளும் சீராகாதபடி பார்த்துக்கொண்டன என்பதை நான் உணர்ந்த கணமே அது. எங்கள் நகரத்துக் குழாய் நீர் அம்பத்தலேயிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் சுத்திகரிக்கப்பட்டு, குளோரீன் இடப்பட்டு வருகிறது. நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்த நீரில் பஞ்சைத் தேய்த்துக் கழுவினால், அதில் அரும்பாடுபட்டு வளர்ந்த பற்றீரியாக்கள் இறந்துவிடும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நீரிலேயே பஞ்சை மெல்லப் பிழிந்து, கிழியும்வரை அதையே பயன்படுத்த வேண்டுமாம். எனக்கு விற்கப்பட்ட நீல மருந்து மெதிலீன் நீலம். தனியான பாத்திரத்தில் வைத்து நோயுற்ற மீனுக்குப் பயன்படுத்த வேண்டிய அதனைத் தொட்டியில் ஊற்றினால், அதுவும் அந்தப் பற்றீரியாக்களை அழிக்கிறது. அதாவது மீன் இறக்கும், நான் மருந்து வாங்குவேன், மருந்து வடிகட்டியைக் கொல்லும், அடுத்த மீன் இறக்கும், நான் மீண்டும் கடைக்குச் செல்வேன். ஆறு வாரங்களாக ஒரு குழந்தையின் அழுகையை நடுவில் வைத்து இந்தச் சக்கரம் சுழன்றது.

தொட்டியின் அளவும் பொய். உள்ளளவு நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லீற்றர்தான் வருகிறது. சரளைக்கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால், உண்மையில் இருந்த நீர் 45 லீற்றருக்கு மேற்படாது. எனவே 100 லீற்றருக்குரிய மருந்தை ஒவ்வொரு முறையும் ஊற்றிய நான், இருமடங்குக்கும் கூடுதலான அளவை அந்த உயிர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். அளக்க இரண்டு நிமிடங்கூடச் செல்லாது.

அலங்காரத்துக்கென்று தரப்பட்ட வெள்ளைக் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர் அவற்றில் ஒன்றை வெளியே எடுத்துச் சில துளி வினாகிரி விட்டார். உடனே நுரைத்தது. அவை முருகைக்கற்கள். கல்சியம் காபனேற்றாலான அக்கற்கள், கரைந்த உப்புகள் குறைந்த, இயல்பாகவே மென்மையான எங்கள் கொழும்பு நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை மெல்ல மெல்ல உயர்த்திவிடும். 28 பாகை வெப்பநிலையில், அப்பெறுமானம் 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அமோனியாவில் மீனுக்கு மிகவும் நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்பது மடங்காகிறது. அத்துடன், முருகைக்கல் அகழ்வது இந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட செயல். அதனை ஒரு கடையில் பகிரங்கமாக விற்பதையும் நான் அறியாமையால் வாங்கியதையும் நினைக்கும்போது நெஞ்சு உறுத்துகிறது.

நீர்சூடாக்கி ஒன்றும் எங்களிடம் விற்கப்பட்டது, 4,800 ரூபாவுக்கு. வெள்ளவத்தையில் எங்கள் அறையில் வைத்த நீர் தானாகவே 28 பாகையில் நிற்கிறது. குளிர்ந்த நீரை விரும்பும் தங்கமீனுக்கு அதுவே அதிகம். இளஞ்சிவப்பு டெட்ராக்களின் நிறம் இயற்கையானதன்று, வெள்ளை நிற மீன்களுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்பதையும் சேர்தான் சொன்னார். தங்கமீனும் கப்பியும் ஒரே தொட்டியில் வாழ வேண்டியவை அல்ல என்பதும், தங்கமீன் ஓரடி நீளம்வரை வளரக்கூடியது என்பதும், விற்பவர் சொல்லியிருக்க வேண்டிய செய்திகள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், அளவீடுகளின் படங்களையும் அந்தச் சிறு தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். முதலாளியின் முகத்தில் பழைய அன்பு இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் பழுது என்றார். அதே குழாய் நீரில் சேர் பல ஆண்டுகளாக மீன் வளர்க்கிறார் என்றதும், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். மீன்களுக்கான பணத்தை நான் கேட்கவில்லை. போத்தலுக்கும் தேவையற்ற நீர்சூடாக்கிக்கும் உரிய பணத்தைத் திருப்பித் தருமாறும், எங்கள் தொட்டிக்குப் பெரிதாகிவிடக்கூடிய சக்கர் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறும் மட்டுமே கேட்டேன். பணம் இல்லை என்றார். சக்கர் மீனை வெள்ளவத்தை வாய்க்காலில் விட்டுவிடுங்கள் என்றார். அந்த மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இப்படி விடப்பட்டவை இலங்கையின் நன்னீர் நிலைகளில் ஏற்கெனவே பெருகி, ஊர் மீன்களின் இடத்தைப் பறித்துவருகின்றன. தயவுசெய்து எவரும் அதைச் செய்ய வேண்டாம். எங்களுடையதைச் சேர் தம்முடைய பெரிய தொட்டிக்கு எடுத்துக்கொண்டார்.

பொருள் வாங்குபவர் கேட்டால் வணிகர் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. நான் முதல் நாளே அதை வலியுறுத்தியிருக்க வேண்டும். அதே சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டு, அந்தத் தாளின் பிரதி, அளவு நாடாவுடன் எடுத்த தொட்டியின் படம், பெயரில்லாத போத்தலின் படம் ஆகியவற்றை இணைத்து என் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன்.

எஞ்சிய டைகர் பார்ப் இரண்டையும் சேர் தம்மிடம் வைத்திருக்கிறார். எங்கள் தொட்டியில் இப்போது மீன் இல்லை. முருகைக்கற்களை அகற்றிவிட்டு, ஒருநாள் திறந்துவைத்துக் குளோரீன் நீங்கிய நீரை நிரப்பி, சேரின் தொட்டியிலிருந்து பழைய பஞ்சின் ஒரு துண்டை எங்கள் வடிகட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு நாளும் சிறிதளவு மீன் உணவை மட்டும் இட்டு வருகிறோம். நீரின் அளவீடுகளை மகள் தன் அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதிவருகிறாள். நேற்றைய பக்கத்தில் அமோனியா பூச்சியம், நைத்திரைற்று 0.5 என்று இருக்கிறது. இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியமாக நின்றால், இந்நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப் மீன்கள் ஆறு தருவதாகச் சேர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.