எலாஸ்டோமெரிக் பெயிண்ட்: டின் வாங்குமுன் உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்

வெளிச்சுவர் உரிகிறது என்றாலே பலரும் கைகாட்டுவது எலாஸ்டோமெரிக் பெயிண்டைத்தான். ரப்பர்போல் இழுபடும் அக்ரிலிக் பூச்சு இது. சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது தானும் கூடவே நீளும். மயிரிழை விரிசலை மூடியே வைத்திருக்கும். மழைநீரை வெளியிலேயே நிறுத்துவதில் சாதாரண எமல்ஷன் இதற்கு ஈடாகாது. ஆனால், ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவருக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை. படலம் தடிமனாக இருப்பதால் உள்ளே சிக்கிய ஈரம் சுலபத்தில் ஆவியாக முடியாது. பின்னாலிருந்து தள்ளும், கொப்புளம் கட்டும், பிறகு துணி கிழிவதுபோல் முழம் முழமாக உரிந்து வரும்.

அதனால் முதலில் உரிந்த செதில் ஒன்றைப் பெயர்த்து அதன் முதுகைப் பாருங்கள். வெள்ளை மாவு அப்பியிருந்தால் அடியில் பழைய சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ பொடிந்துகிடக்கிறது. மணல் ஒட்டி வந்தால் சிமெண்ட் பூச்சே வலுவிழந்துவிட்டது. அந்த இடத்தைக் கொத்தி மறுபடி பூச வேண்டும், பெயிண்டால் ஆகாது. பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் புட்டி) மொத்தமாகக் கழன்று வந்தால், உள்சுவர்ப் பட்டியை வெளியே பூசியிருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சுபோல் உப்பு பூத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள்.

உப்பு கண்டால் கைப்பிடிச்சுவரின் தலைப்பகுதி, சன்ஷேட் சேரும் இடம், குழாய் இணைப்புகள் மூன்றையும் பார்த்துக் கசிவை அடைத்தாக வேண்டும். பிறகு 45 செ.மீ. சதுர பாலிதீன் தாளை நிழலான நேரத்தில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

காய்ந்தபின் தளர்ந்ததையெல்லாம் ஸ்கிராப்பரால் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் மட்டுமே தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டின் விளிம்பை 80-ம் நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். இந்த விளிம்பைத் தேய்க்காமல் விட்டால் அடுத்த உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். சற்று அகன்ற விரிசலை 'வி' வடிவில் கீறி, தூசி ஊதி, வெளிப்புற அக்ரிலிக் ஃபில்லரால் அடையுங்கள். மேலே சிமெண்டின் காரத்தன்மையை (அல்கலி) தாங்கும் வெளிப்புற பிரைமர் ஒரு கோட். உள்ளங்கையால் தேய்த்தால் மாவு வராத நிலை வரும்வரை மேல்கோட் வேண்டாம்.

இந்தப் பெயிண்டில் ஏமாற்றம் பெரும்பாலும் அளவில்தான். காய்ந்தபின் 250 மைக்ரான் (கால் மில்லிமீட்டர்) படலம் வேண்டும், பெயிண்டில் திடப்பொருள் கொள்ளளவில் பாதி என்று வையுங்கள். ஈரமாக 500 மைக்ரான் போட வேண்டும். ஒரு லிட்டர் 2 சதுர மீட்டருக்குத்தான் வரும், அதாவது ஏறக்குறைய 21.5 சதுர அடி. அதையே தண்ணீர் கலந்து 50 சதுர அடிக்கு இழுத்தால் டின்னில் எலாஸ்டோமெரிக், சுவரில் வெறும் எமல்ஷன். டின்னில் சொன்னதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள். இரண்டு கோட்டாக அடியுங்கள், சுடும் சுவரில் ரோலர் வைக்காதீர்கள்.

விரிசல் விட்ட, ஆனால் உலர்ந்த சுவருக்குத் தயங்காமல் வாங்கலாம். அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறும் சுவருக்கு ஆவி வெளியேறவிடும் சிலிகேட் பெயிண்ட் பொருத்தம். ஆனால் பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டினால்தான் அது பிடிக்கும். புதிதாகப் பூசிய சுவரென்றால் எதை அடிப்பதானாலும் 28 நாள் பொறுங்கள்.