மாஸ்டர் இல்லாத காலைப் பலகாரம்

2024 ஆவணி முதல் வாரம் கானாடுகாத்தானில் எங்கள் பெரியப்பா வீட்டில் அண்ணனுக்குச் சாந்தி. அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்று நாள், ஏழு பந்தி, பெரிய பந்தியில் 350 இலை. பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கணக்கு வழக்கோடு சமையலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பிடித்த சமையல் குழு எப்படி என்று அதற்கப்புறம் பத்துப் பேராவது போனில் கேட்டாயிற்று. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல என்னால் ஆகவில்லை, எழுதிவிடுகிறேன். குழுவின் பெயரைப் போடப் போவதில்லை. நடந்தது அப்படி. நேரில் கேட்பவர்களுக்கு நம்பர் தருவேன்.

சாமான் நம்முடையது, அவர்களுக்குக் கூலி மட்டும். பதினான்கு ஆட்கள், மூன்று நாளைக்கு 96,000 ரூபாய். விறகும் பாத்திர வாடகையும் தனி. மாஸ்டர் எழுதிக் கொடுத்த லிஸ்ட்படியே காரைக்குடியில் மளிகை எடுத்தோம். எல்லாம் முடிந்து மிஞ்சியது இரண்டு கிலோ உளுந்தும் அரை டின் கடலை எண்ணெயும்தான். லிஸ்ட் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்தில் அவர் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே பேசிவைத்தேன். அட்வான்ஸ் வாங்க வந்தபோது அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு அடுத்து இவன்தாண்ணே. நான் இல்லாட்டியும் இவன் பார்த்துக்குவான்" என்றார். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம், ஃபோன் நிறைய இலை போட்ட படங்கள். பேச்சும் நன்றாக இருந்தது. பையனுடைய மாமனார் தேவகோட்டையில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார், அந்தப் பக்கத்து ஆர்டரெல்லாம் அவர் மூலமாக வருகிறது என்று பிற்பாடு தெரிந்தது. எண்ணெய் எந்தச் செக்கு, காய் யார் நறுக்குவது, மிச்சம் விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் குடைந்து கேட்டவன், இவன் தனியாக நின்று எத்தனை விசேஷம் செய்திருக்கிறான் என்று மட்டும் கேட்கவில்லை.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு. இடியாப்பம் நூல் நூலாக, கோசமல்லியில் கத்திரிக்காய் கரைந்தும் கரையாமலும். கவுனி அரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவி வைத்திருந்தார்கள். இரண்டு தடவை வாங்கினேன்.

சாப்பிட்டுவிட்டு முகப்பில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் மகன் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தான். அதே வாரம்தான் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அதில் அதிபர் வேட்பாளரான கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவுக்கு மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் என்பதால், எங்கள் வீட்டு ஆச்சிமாருக்குக்கூட அது ஏதோ தெரிந்த வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. மினசோட்டா கவர்னர் டிம் வால்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக ஆகஸ்ட் 6-ஆம் தேதிதான் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். எதிரணி வேட்பாளர் டிரம்ப் மூன்று வாரம் முந்தியே தன் துணைக்கு ஜே.டி. வான்ஸ் பெயரைச் சொல்லிவிட்டார். அண்ணன் மகனுக்கோ கமலா மேல் கோபம்.

"பென்சில்வேனியா கவர்னரை எடுத்திருக்கணும் சித்தப்பா. அங்க 19 எலக்டோரல் ஓட்டு, அதிபரை முடிவு பண்ற மாநில ஓட்டு. மினசோட்டா எப்படியும் அவங்களுக்குத்தான் விழும், எதுக்கு அங்கேர்ந்து ஒருத்தர்?"

"ஒரு மாநிலத்து ஓட்டுக்காகவா ஆள் எடுக்கிறது?"

"பின்னே? 1960-ல கென்னடி எதுக்கு டெக்சாஸ்காரர் ஜான்சனைச் சேர்த்தார்? டெக்சாஸ்ல 24 ஓட்டு. வந்துச்சுல்ல?"

வந்தது உண்மைதான். ஆனால் மூன்று வருஷத்தில், 1963 நவம்பர் 22 அன்று, அதே டெக்சாஸில் கென்னடி சுடப்பட்டார். விமானத்துக்குள்ளேயே ஜான்சன் பதவிப் பிரமாணம் எடுத்தார். 24 ஓட்டுக்காகச் சேர்த்த ஆள் கையில் மொத்த நாடும் வந்தது. சிவில் உரிமைச் சட்டத்தை 1964-இல் நிறைவேற்றிக் காட்டியவரும் அவர்தான், வியட்நாமில் கொண்டுபோய் மாட்டியவரும் அவர்தான். இதைச் சொன்னதும் அவன் கொஞ்சம் யோசித்தான். அதற்குள் அண்ணன், "நம்ம நாட்டுல இந்த வம்பே இல்லையே" என்று நடுவில் வந்தார். ஜனாதிபதியோடு ஜோடி போட்டு இங்கே யாரும் நிற்பதில்லை. துணை ஜனாதிபதியை எம்.பி.க்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969-இல் ஜாகீர் உசேன் இறந்தபோது வி.வி. கிரி பொறுப்பு ஜனாதிபதியாகத்தான் இருந்தார், அப்புறம் தேர்தலில் நின்றுதான் ஜனாதிபதியானார். அமெரிக்காவில் அப்படியில்லை. மேலே இருப்பவர் போய்விட்டால் துணை அதிபரே மிச்சக் காலம் முழுவதும் அதிபர். இதுவரை ஒன்பது தடவை அப்படி நடந்திருக்கிறது. எட்டுப் பேர் பதவியிலேயே இறந்தார்கள், நிக்சன் ராஜினாமா செய்தார். நாற்பத்துச் சொச்சம் அதிபர்களில் ஒன்பது என்றால் அஞ்சுக்கு ஒன்று. பேங்கில் அந்தக் கணக்கில் கடன் திரும்பாமல் போனால் மேனேஜரைத் தூக்கி ராமநாதபுரத்துக்கு அடித்துவிடுவார்கள்.

பேச்சு முடியாமலே தூங்கப் போனோம்.

விடிகாலை மூன்றரைக்கு அடுப்படியிலிருந்து சத்தம். மாஸ்டர் மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரைக்காரர், ராத்திரி சாப்பிடாமல் வேலை பார்த்திருக்கிறார். அக்கா மகன் உடனே கார் பிடித்தான், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான், கூட ஒரு பையனை ஏற்றி அனுப்பினான். அந்தப் பத்து நிமிஷமும் அவன் பதறவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அப்புறம் என்னிடம் வந்து, "நீங்க போய்ப் படுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

அன்று காலைப் பலகாரத்தில் முக்கியமானது வெள்ளைப் பணியாரம். சின்ன சமாச்சாரம்தான். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, கோபுரம் நிற்கிற அளவுக்கு மட்டும் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி. தானாக மேலே வந்து நடுவில் உப்ப வேண்டும். திருப்பிப்போட்டு, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். உளுந்து ஒரு பிடி கூடினால் எண்ணெயைக் குடிக்கும். மாஸ்டரிடம் அந்த அளவு கையில் இருந்தது, எந்தத் தாளிலும் இல்லை. பையன் இட்லிக்குப் போடுகிற நினைப்பில் போட்டுவிட்டான்.

முதல் பந்தியில் சம்பந்தி வீட்டு ஆச்சி ஒருவர் பணியாரத்தை இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பார்த்தார். எண்ணெய் இலையில் கோடாக ஓடியது. அதை அப்படியே ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டு, "இட்லி இருந்தா ரெண்டு வைங்கப்பா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அடுப்படிக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரியவர். முதல் நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன், தேங்காய் துருவுவதும் கிரைண்டர் பக்கம் நிற்பதும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். மாஸ்டரோடு இருபது வருஷமாக இருப்பவராம். மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உளுந்து ஏறிப்போச்சு." கந்தரப்பத்துக்கென்று ஊறவைத்த அரிசி தனியாக இருந்தது. அதிலிருந்து எடுத்து ஒரு ஈடு அரைத்து மாவோடு கலந்தார். கரண்டியைப் பையன் கையிலிருந்து வாங்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் பந்திக்குப் பணியாரம் மல்லிகைப்பூவாக வந்தது. சம்பந்தி வீட்டு ஆச்சிக்குத் தனியாக ஒரு தட்டில் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். தட்டு காலியாகத் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மகன் காப்பி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நின்றான். "சித்தப்பா, மாஸ்டர் தேவகோட்டை ஓட்டுக்காக ஆள் எடுத்திருக்கார் போல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதோடு விட்டால் கதை, பெரியவரைத்தான் இரண்டாம் ஆளாக வைத்திருக்க வேண்டும் என்பதோடு சுலபமாக முடிந்துவிடும். மத்தியானம் அவர் தலைமையில்தான் சமையல். அரிசி களைந்த இரண்டாம் கழுநீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் விரதக்காரர்கள் பதினோரு பேருக்கு வெங்காயம் இல்லாமல் தனியாகச் செய்யச் சொல்லி மாஸ்டரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு இலையிலும் சின்ன வெங்காயம் மிதக்கிற மண்டி. பெரியவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவருக்குத் தெரியாதே.

ட்ரூமன் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 1944-இல் ரூஸ்வெல்ட் நான்காம் முறை நின்றபோது உடம்பு தேய்ந்திருந்தது. கட்சிப் பெரியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் அப்போது துணை அதிபராக இருந்த ஹென்றி வாலஸை நகர்த்திவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ஆள் தேர்வில் குறையில்லை. ஆனால் துணை அதிபராக 82 நாள் இருந்த அவரிடம் அணுகுண்டைப் பற்றி ரூஸ்வெல்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் இறந்து, பதவியேற்ற பிறகுதான் முழு விவரமும் ட்ரூமனுக்குக் கிடைத்தது. நல்ல ஆளை எடுத்தும் லிஸ்டைக் கையில் கொடுக்கவில்லை.

1972-இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் பட்ட பாடு வேறு மாதிரி. அவசர அவசரமாகத் தாமஸ் ஈகிள்டனைத் துணைக்கு எடுத்தார். மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்துக்கொண்டதை ஈகிள்டன் சொல்லவில்லை, இவர்களும் தோண்டிக் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தது, எடுத்த 18 நாளில் ஆளை மாற்ற வேண்டியதாயிற்று. சிகிச்சை எடுத்தது குற்றமில்லை, என்னைக் கேட்டால். கேட்காமல் எடுத்ததுதான் கோளாறு. நானும் பையனுடைய ஃபோன் படங்களைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்த இலைகளில் ஒன்றைக்கூட அவன் சமைக்கவில்லை, போட்டோ எடுத்தவன் மட்டும்தான்.

என்னைக் கேட்டால் அதிபர் வேட்பாளர் ஒருவர் ஆள் தேடும்போது, ஓட்டு எத்தனை கொண்டுவருவார் என்பதைப் பாத்திர வாடகையில் கிடைக்கிற தள்ளுபடி மாதிரிப் பார்த்தால் போதும். கிடைத்தால் சரி. நாளைக்குக் காலையில் இந்த ஆள் தனியாக அடுப்பு முன்னால் நின்றால் பந்தி நடக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1992-இல் கிளின்டன், தன்னைப் போலவே தெற்கத்திக்காரரும் ஏறக்குறைய தன் வயசுக்காரருமான அல் கோரைப் பக்கத்து மாநிலத்திலிருந்து எடுத்தார். பழைய கணக்குப்படி அது தப்பு. ஜெயித்தார்கள். அதற்காகப் பையன் மாதிரி ஆட்கள் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். மூன்றரை மணிக்குக் கார் பிடிக்கப் பெரியவருக்குத் தெரியாது. அவரிடம் ஃபோனே கிடையாது.

சாயங்காலம் வரை இன்னொரு கூத்து. மாஸ்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் உத்தரவு போட்டார். பையன் காதில் ஒன்று சொல்வார், பெரியவர் இங்கே வேறொன்று செய்துகொண்டிருப்பார். உக்காரையில் வெல்லம் இரண்டு தடவை விழுந்தது. இதற்கென்றே அமெரிக்காவில் 1967-இல் அரசியல் சட்டத்தில் 25-ஆம் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2021 நவம்பரில் குடல் பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் அதிபர் பைடன் கடிதம் எழுதிவிட்டு அதிகாரத்தைத் துணை அதிபர் கமலாவிடம் கொடுத்தார். 85 நிமிஷம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கள் மாஸ்டருக்குக் கரண்டியைக் கொடுக்க 85 விநாடிகூட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் மாஸ்டர் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்தார். குறை இல்லை. பரிமாறுகிற பையன்கள் சுத்தம், தண்ணீர் டம்ளரில் விரல் வைக்காமல் எடுத்தார்கள். காப்பி மட்டும் மூன்று நாளும் மோசம், சிக்கரி தூக்கல். கூலியில் நானாக எதையும் பிடிக்கவில்லை. மாஸ்டராகவே 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கொடுத்தாரா தெரியாது.

நவம்பரில் கமலா தோற்றார். பென்சில்வேனியாவும் டிரம்புக்கே போனது. அண்ணன் மகன் அன்றைக்கே போன் போட்டு, "சொன்னேன்ல?" என்றான். அந்தக் கவர்னரை எடுத்திருந்தால் 19 ஓட்டும் வந்திருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது? வீட்டில் பணியாரம் சுட்டால் உளுந்து அளவைச் சரியாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தத் தையில் தங்கை மகள் கல்யாணம். அதே குழுதான். அட்வான்ஸ் கொடுக்க நானே அவர்கள் ஊருக்குப் போனேன், மாஸ்டர் இல்லாத நாளாகப் பார்த்து. பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்திலிருந்து மண்டி வரைக்கும் எல்லா அளவையும் அவரைச் சொல்லச் சொல்லி, அக்கா மகனை விட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வைத்தேன். மாஸ்டர் காதுக்கு இது எட்டினால் கோபித்துக்கொள்வார். நோட்டு என் பீரோவில் இருக்கிறது.