மேல்மாடத்துக்கு ஐந்து நிமிடம் போதாது: கொச்சி யூதத் தலங்களைக் காட்டும் ஒருநாள் வழிகாட்டிச் சேவை

கொச்சியிலும் அதைச் சுற்றியும் யூதர்கள் வாழ்ந்த இடங்களை ஒரே நாளில் காட்டும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் சென்ற மாதம் நானும் அம்மாவும் போய்வந்தோம். கார், தமிழ் பேசும் வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 5,500 ரூபாய் ஆனது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏற்பாடுகளில் குறை ஏதுமில்லை. வண்டி நேரத்துக்கு வந்தது, ஓட்டுநர் பொறுமைசாலி, கடைகளுக்குள் இழுத்துச் செல்லும் வழக்கமான தொந்தரவும் இல்லை. என் மனக்குறை, அவர்கள் சொன்ன கதையில் பெண்கள் வந்த விதத்தைப் பற்றியது.

முதலில் மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளி, அதாவது யூதர்களின் வழிபாட்டுக் கூடம். 1568இல் கட்டப்பட்ட அந்த ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகிய நமக்கு அது புதிதாகத் தோன்றாது. தரையில் பதித்திருக்கும், கையால் வரையப்பட்ட சீன ஓடுகளைப் பற்றி வழிகாட்டி இருபது நிமிடம் பேசினார். பிறகு மேலே தெரிந்த மாடத்தைக் கைகாட்டி, “அது பெண்கள் இருக்கும் இடம், அக்கா. இவர்கள் மதத்தில் பெண்களுக்குப் பிரார்த்தனை கட்டாயம் இல்லை, அதனால்தான் மேலே ஒதுக்கிவிட்டார்கள்” என்று முடித்துக்கொண்டார். அம்மா உடனே கேட்டார்: “கட்டாயமே இல்லையென்றால் அவ்வளவு படி ஏறி எதற்கு வந்தார்கள்?” வழிகாட்டி சிரித்தார். மதியம் வரைக்கும் அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

அது பதிலே இல்லாத கேள்வி அல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட நேரத்தில் செய்தாக வேண்டிய கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு அளிக்கிறது. காலையிலும் மாலையிலும் ஓதும் ‘ஷெமா’, நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் ‘தெஃபிலின்’ பேழைகள், கூடாரப் பண்டிகையின்போது கூடாரத்தில் தங்குவது போன்றவை அந்த விலக்கில் அடங்கும். ஆனால் ஷெமாவிலிருந்து பெண்ணை விலக்கும் அதே வாக்கியம், பிரார்த்தனையும் உணவுக்குப் பின் சொல்லும் நன்றியுரையும் அவளுக்கும் கடமை என்று சொல்கிறது. அதற்கும் மேலாக, பிரார்த்தனை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற விதிகளை, மிஷ்னாவை விளக்கும் தால்முத் நூலின் அறிஞர்கள் ஒரு பெண்ணிடமிருந்தே எடுத்தார்கள். விவிலியத்தில் பிள்ளை வரம் கேட்டு, உதடுகள் அசைய, குரல் வெளியே கேளாமல் மன்றாடுகிறாளே அன்னாள், அவளிடமிருந்து. இன்றுவரை ஆண்களும் அந்த முறையில்தான் மௌனமாக முணுமுணுத்து வேண்டுகிறார்கள். ‘கட்டாயம் இல்லை’ என்ற இரண்டே சொற்களில் வழிகாட்டி இவ்வளவையும் துடைத்துவிட்டார்.

விலக்கு என்பது சலுகையா, விலக்கி வைப்பதா என்ற வழக்கு யூதப் பெண்களுக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. பொது வழிபாடு முழுமை பெறப் பத்து பேர் வேண்டும். மரபுச் சட்டப்படி அந்தப் பத்து பேரும் ஆண்களாகவே இருக்க வேண்டும். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, பரதேசிப் பள்ளியில் பத்து ஆண்கள் சேர்வது மெல்ல மெல்ல அரிதாகி, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை வந்தது. ஊரில் எத்தனை பெண்கள் இருந்தாலும் அந்தக் கணக்கு நிறையாது. இதைச் சொல்லாமல் மேல்மாடத்தை மட்டும் புகழ்ந்தால் நானும் அந்த வழிகாட்டியைப் போலத்தான் ஆவேன்.

யூதத் தெருவில் அடுத்த நிறுத்தம், சாரா கோஹனின் தையல்கடை இருந்த வீடு. 2019இல் தமது 96ஆம் வயதில் காலமான அவரையும், கடைசி வரை அவரைத் தாயைப் போலக் கவனித்துக்கொண்ட தாஹா இப்ராஹிமையும் பற்றி வழிகாட்டி உருக்கமாகப் பேசினார். இந்தப் பகுதியில் அவர் சோடை போகவில்லை. ஆனால் அந்தக் கடையில் விற்ற, பூவேலை செய்த அப்பத் துணிகள் எதற்கானவை என்று அம்மா கேட்டபோது, “அழகுக்குத்தான்” என்றார். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சபாத்தின் இரவில் முதலில் திராட்சை ரசத்துக்கு ஆசி சொல்லும் வரையில், தனக்கு முந்தி மற்றொன்று வாழ்த்தப்படுவதைக் கண்டு அப்பம் கூச்சப்படக் கூடாது என்று அதை மூடி வைக்கும் துணி அது. அந்த அப்பத்துக்கு மாவு பிசையும்போது ஒரு பிடியைப் பிரித்தெடுத்துத் தனியே எரித்துவிடுவது, வெள்ளி மாலை பொழுது சாயும் முன்பு விளக்கேற்றுவது, மாதவிலக்குக்குப் பின் நாள் எண்ணி ‘மிக்வே’ என்னும் நீர்த்தொட்டியில் முழுகுவது ஆகிய மூன்றும் பெண்களின் தனிக் கடமைகளாக மிஷ்னாவில் வருகின்றன. மூன்றாவதைப் பற்றி இளைஞரான வழிகாட்டி வாயே திறக்கவில்லை. அவருடைய கூச்சம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் ஒரு சமூகத்தின் குடும்ப வாழ்க்கை முழுவதையும் நாள் கணக்கில் கட்டி வைத்திருந்த சட்டத்தைச் சொல்லாமல் அந்தச் சமூகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான் புரியவில்லை.

புளித்த உணவை விலக்கும் பாஸ்கா பண்டிகை பற்றியும் சொல்லியிருக்கலாம். ஐரோப்பிய யூதர்களில் பலர் அந்த நாட்களில் அரிசியைத் தொடமாட்டார்கள். கொச்சி யூதர்கள் சாப்பிடுவார்கள். ஆனால் கோதுமை போன்ற புளிக்கக்கூடிய தானியம் ஒரு மணிகூடக் கலந்துவிடக் கூடாது என்று பெண்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து அரிசியை மணி மணியாகப் பொறுக்கினார்கள். மேலே மாடத்தில் அவர்களுக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று கேட்பவர்கள், அடுக்களையில் சட்டத்தின் காவல் யார் கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

மதிய உணவுக்குப் பின் வடக்கு பறவூர் வழியாகச் சேந்தமங்கலம் சென்றோம். புதுப்பிக்கப்பட்ட இரண்டு ஊர்ப் பள்ளிகளும் இப்போது அரசின் முசிறி மரபுத் திட்டத்தின் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. இந்தச் சேவைக்குக் கொடுத்த பணத்துக்குச் சேந்தமங்கலம்தான் மதிப்பு தந்தது. வாசல் முற்றத்தில் எபிரேய எழுத்து பொறித்த ஒரு கல் நிற்கிறது. ‘பழைய கல்’ என்று வழிகாட்டி கடந்துபோனார். அது 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல்; இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது. அதில் இருப்பது இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா என்ற ஒரு பெண்ணின் பெயர். அம்மா அந்தக் கல்லின் முன்னால் குனிந்து, படிக்கத் தெரியாத எழுத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார்.

உள்ளே மாடத்தில் ஏறிய பிறகுதான் அம்மாவின் காலைக் கேள்விக்கு விடை கிடைத்தது. கேரளத்து யூதப் பள்ளிகளில் மற்ற நாடுகளில் காண முடியாத ஓர் அமைப்பு உண்டு: யூதர்களின் திருநூலான தோராவை வாசிக்கும் மேடை கீழே கூடத்தின் நடுவில் ஒன்றும், மேலே மாடத்தின் விளிம்பில் இன்னொன்றுமாக இரண்டு. சபாத்திலும் பண்டிகைகளிலும் தோரா வாசிக்க மேல் மேடை பயன்பட்டது. அந்த மேடைக்கு நேர் பின்னால், ஒரு மரத்தட்டியின் மறைவில், பெண்களின் இருக்கை. அம்மாவை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு நான் மேடையில் போய் நின்றேன். தட்டியின் இடுக்குகளில் அவர் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. நான் தாழ்ந்த குரலில் பேசியதும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கீழே கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆணைவிட இங்கே இருந்த பெண்ணே தோராச் சுருளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். தட்டி தட்டிதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘மேலே ஒதுக்கிவிட்டார்கள்’ என்ற வாக்கியம் இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. இதையெல்லாம் பார்ப்பதற்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். நான் வற்புறுத்திக் கேட்டதால் அரை மணி ஆனது.

இந்தப் பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அல்லர். எபிரேயப் பிரார்த்தனைகளை வாசிக்கச் சிறுமிகளுக்கும் கற்பித்த சமூகம் இது. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் உரிய மலையாளப் பாட்டுகளைப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். ஆண்கள் காதில் பெண்ணின் பாட்டுக் குரல் விழக் கூடாது என்று வேறு நாடுகளில் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி, இங்கே அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஆண்கள் இருக்கும்போதே பாடினார்கள். கொச்சியில் 1912இல் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேலுக்குச் சென்ற ரூபி டேனியல், அந்தப் பாட்டுகள் பலவற்றை முதுமையில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணத்தில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது ஒலிக்க விட்டிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். ஒன்றரை சேந்தமங்கலத்துக்கு, மீதி ஓட்டுநருக்கும் சாப்பாட்டுக்கும். பதிவு செய்பவர்கள் பயண வரிசையை மாற்றி, காலையிலேயே சேந்தமங்கலத்தில் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மேல்மாடத்தைப் பார்த்துவிட்டு மட்டாஞ்சேரிக்கு வந்தால், அங்கே அண்ணாந்து பார்க்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பது தெரியும். சனிக்கிழமையில் பரதேசிப் பள்ளி மூடியிருக்கும். மாடத்துப் படிகள் செங்குத்தானவை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே ஏற்றினேன், இறங்கும்போது அவர் படிக்குப் படி உட்கார்ந்துதான் இறங்கினார்.