மே மாதப் பிறந்தநாளுக்குக் கடல்பாசியா, ஜெல்லியா, தேங்காய் பர்ஃபியா?

மகளின் பிறந்தநாள் மே மாத நடுவில் வருகிறது. மதுரையில் அப்போது மாலை ஐந்து மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடும். கேக்கோடு வண்ணமாக இன்னோர் இனிப்பும் வேண்டும் என்று மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். இப்போது கடல்பாசிதான் (கடலில் வளரும் பாசியிலிருந்து எடுத்து, கொதிக்கவைத்து ஆறினால் ஜெல்லிபோல் இறுகும் அகர் அகர்) என்று முடிவாகிவிட்டது.

தேங்காய் பர்ஃபியில் குறையொன்றும் இல்லை. பீட்ரூட் சாறு சேர்த்தால் அழகான ரோஜா நிறம் வரும், முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். ஆனால் பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டார்கள். அது பெரியவர்களின் இனிப்பு.

ஜெல்லிதான் செய்ய எளிது. வெந்நீரில் பொடியைக் கரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் முடிந்தது. பளபளப்பும் நடுக்கமும் பிள்ளைகளை மயக்கும். ஆனால் ஜெல்லியை இறுகவைக்கும் ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகுவது. வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான், மே மாத மாடியில் அது நிற்காததும் அதனால்தான். நட்சத்திர வடிவில் வெட்டி அடுக்கிய இருபத்து நான்கு துண்டுகள், மெழுகுவர்த்தி ஊதி முடிப்பதற்குள் தட்டில் சிவப்புத் தண்ணீராகிவிட்டன. மகள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜெலட்டின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால், சாப்பிடத் தயங்கும் குடும்பங்களும் உண்டு. பச்சைப் புள்ளியிட்ட சைவ ஜெல்லிப் பொடி கிடைக்கிறது. அதை வெயிலில் வைத்து நான் சோதித்ததில்லை.

கடல்பாசியை எனக்குக் கற்றுத் தந்தவர், ரமலான் மாதத்தில் ஒரு கிண்ணம் அனுப்பாமல் இருக்காத பக்கத்து வீட்டு அக்கா. கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். நாற்பது டிகிரிக்கு அருகே ஆறும்போதே இறுகத் தொடங்கும், ஒருமுறை இறுகிவிட்டால் எண்பது டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் உருகும். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பெரிது. குளிர்பதனப் பெட்டியில் இடம் தேட வேண்டாம், மின்சாரம் போனாலும் கவலையில்லை, அடுத்த தெரு வரை தட்டோடு எடுத்துப் போகலாம்.

ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் இழை என்பது என் கணக்கு. அரை மணி நேரம் ஊறவைத்து, இழை ஒன்றுகூடத் தெரியாத வரை கொதிக்கவிட்டு, பிறகு சர்க்கரை சேர்க்க வேண்டும். பால் சேர்ப்பதானால் சூடான பால். குளிர்ந்த பாலை ஊற்றினால் அங்கங்கே திரண்டுவிடும். சங்குப்பூ ஊறிய நீர் நீல அடுக்குக்கு, ரோஸ் சிரப் சிவப்புக்கு, பால் வெள்ளைக்கு.

அடுக்குகள் ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும். முதல் அடுக்கின் மேல் விரலை வைத்தால் ஆடை லேசாக ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த நேரத்தில் அடுத்ததைச் சூடாக, ஒரு கரண்டியின் முதுகில் விழும்படி மெல்ல ஊற்றினால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பின் ஊற்றினால், வெட்டும்போது நீலம் தனியாக, வெள்ளை தனியாக வழுக்கிக்கொண்டு வரும். வேகவைக்காத அன்னாசித் துண்டும் இதில் போடலாம். ஜெலட்டினில் போட்டால் அது இறுகவே விடாது.

ஜெல்லியின் நடுக்கம் இதற்கு வராது, கடித்தால் நறுக்கென்று முறியும். எட்டு கிராமாகக் குறைத்தால் கொஞ்சம் மென்மையாகிறது. தூளாக விற்பதை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினேன், கல்லாக இறுகிவிட்டது. அதனால் அளவு சொல்ல எனக்குத் துணிவில்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்குத் துண்டைப் பொடியாக நறுக்கிக் கொடுத்து அருகிலேயே இருங்கள்.

போன மே மாதம் மாடியில் இரண்டு மணி நேரம் இருந்த தட்டில், கடைசித் துண்டு வரை மூன்று நிறமும் கோடு போட்டதுபோல் நின்றன.