மதுரையில் 'டாலர் டெபாசிட்' என்று விற்கிறார்கள்: பென்ஷன் பணம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் பிடித்து, "டாலர்ல டெபாசிட், எட்டு பர்சென்ட், மாசாமாசம் வந்துரும்" என்று முதலீட்டு ஆலோசகர் எனச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் விற்பது டெபாசிட்டே இல்லை. சீனா, பிரேசில், மெக்சிகோ, துருக்கி போன்ற வளரும் நாடுகளில் இருக்கும் கம்பெனிகளின் கடன் பத்திரங்களை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் ஒரு இ.டி.எஃப். ஃபண்டு அது. அமெரிக்கச் சந்தையில் ஷேர் மாதிரி தினமும் விலை ஏறி இறங்கும்.

அந்த ஃபண்டில் மோசடி எதுவும் இல்லை. முறையாக நடக்கும் ஃபண்டுதான். விவரம் தெரிந்தவர்கள், பல வருஷம் தொடத் தேவையில்லாத பணத்தில் ஒரு பகுதியை அதில் போடலாம். ஆனால் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடம், வங்கி டெபாசிட்டுக்குச் சமம் என்று சொல்லி 30 லட்சத்தை அதில் போட வைத்தது மோசடி. அந்த வாத்தியார் என் சித்தப்பா. திருமங்கலம் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இப்போது திருநகரில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் ஆலோசகர் பெயரைப் போடவில்லை.

2021 செப்டம்பரில் நடந்தது இது. ஓய்வூதியர் சங்கத்தில் பழக்கமான ஒருவர் மூலமாக அந்த ஆலோசகர் வந்து, பைபாஸ் ரோட்டில் இருக்கும் தன் ஆபீசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வழவழப்பான தாளில் ஒரே ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார். அது இன்னும் எங்களிடம் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 'டாலர் மாத வருமானத் திட்டம்'. கீழே ஒரு கட்டத்தில் முதலீடு 30 லட்சம், மாத வருமானம் 20,000, 'அசல் பாதுகாப்பு'. ஃபண்டின் பெயர் எங்கேயும் இல்லை. எந்த நாட்டுக் கம்பெனி, என்ன தரம், எதுவும் இல்லை. கணக்கு வாத்தியாரை ஏமாற்ற வேண்டுமென்றால் தப்புக் கணக்கைக் காட்டிப் பிரயோஜனமில்லை, உடனே பிடித்துவிடுவார். கணக்கையே காட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

நான் பிறகு அந்த ஃபண்டின் மாத அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். பத்திரங்களில் பெரும்பகுதி பிபி, பி தரம் (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு ரேட்டிங் கம்பெனிகள் கொடுக்கும் மதிப்பு). பிபிபி மைனஸுக்குக் கீழே போனாலே முதலீட்டுத் தரம் இல்லை என்று அர்த்தம். வட்டி கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணமே திருப்பித் தராமல் போகும் ஆபத்துதான். சீனாவின் ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் பத்திரங்கள் அப்போது இந்த வகை ஃபண்டுகளில் நிறைய இருந்தன. எவர்கிராண்ட் கம்பெனி வட்டி கட்ட முடியாமல் தத்தளித்த செய்தி, சித்தப்பா பணம் கட்டிய அதே 2021 செப்டம்பரில் உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் அது கடனைக் கட்டத் தவறிய கம்பெனி என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்கவே உத்தரவிட்டது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதுதானே ஆலோசகரின் தொழில்? ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. தடைகள் வந்ததும் ரஷ்யக் கம்பெனிப் பத்திரங்களை விற்க வழியில்லாமல் ஃபண்டுகள் திணறின. மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்து, பூஜ்யத்தை ஒட்டி இருந்ததை அந்த வருஷக் கடைசிக்குள் 4.25–4.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. புதுப் பத்திரங்கள் அதிக வட்டி தரும்போது, குறைந்த வட்டிக்கு வாங்கிய பழைய பத்திரங்களின் விலை இறங்கித்தான் ஆகும். தனியாக ஒரு பத்திரம் வாங்கி வைத்திருந்தால், கம்பெனி நொடித்துப்போகாதவரை, முதிர்வு நாளில் முழுத்தொகை கைக்கு வந்துவிடும். இந்த மாதிரி ஃபண்டுக்கு முதிர்வு நாளே கிடையாது. ஒரு பத்திரம் முடிந்தால் இன்னொன்றை வாங்கிக்கொண்டே போவார்கள். நமக்கு வேண்டும்போது அன்றைக்கு என்ன விலையோ அதற்குத்தான் விற்க முடியும். 'அசல் பாதுகாப்பு' என்று அச்சடித்த மனிதர் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும், சித்தப்பா அங்கேயே எழுந்து வந்திருப்பார்.

2022 கடைசியில் சித்தப்பா போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "சார், ரூபாயில பாருங்க. 30 லட்சம் போட்டீங்க, இன்னைக்கு 26 இருக்கு. மாசாமாசம் வேற வாங்கியிருக்கீங்க. எங்க சார் பெரிய நட்டம்?"

பணம் போனபோது டாலர் 74 ரூபாயை ஒட்டி இருந்தது. சுமார் 40,000 டாலர் வாங்கியிருந்தார். 2022 கடைசியில் டாலர் 82 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த டாலரை எதிலும் போடாமல் அப்படியே வைத்திருந்தாலே 33 லட்சம் ஆகியிருக்கும். அதாவது ஃபண்டு விழுந்ததில் கரைந்தது 7 லட்சம். அதில் 3 லட்சத்தை ரூபாயின் சரிவு மூடி மறைத்துவிட்டது. ரூபாய்க் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கையை யார் கொடுத்தாலும், டாலரில் எவ்வளவு என்று கேளுங்கள்.

மாத வருமானமும் அவர் சொன்ன இருபதாயிரம் இல்லை. பத்தாயிரத்தை ஒட்டித்தான் வந்தது. ஃபண்டு கொடுத்ததே குறைவு. அதிலும் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்தம் செய்துவிட்டுத்தான் தருகிறார்கள். பிடித்ததையும் சேர்த்து முழுத்தொகையும் இங்கே நம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அங்கே பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அப்போது படிவம் 67 போட வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பணம் அனுப்பிய அன்றைக்கே 1,15,000 ரூபாய் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தார்கள். அப்போது 7 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம். ரிட்டர்னில் காட்டித் திரும்ப வாங்கலாம், சரி. ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். இன்றைக்கு ஒருவர் 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

எங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது 2024 நவம்பரில் வந்த செய்தி. வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டவில்லை, திருத்திய ரிட்டர்ன் போடுங்கள் என்று வருமான வரித் துறையிலிருந்து சித்தப்பாவின் கைபேசிக்கு வந்தது. வெளிநாட்டில் வைத்திருக்கும் ஷேர், ஃபண்டு எல்லாவற்றையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியான ஷெட்யூல் எஃப்.ஏ.வில் வருஷா வருஷம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரில் இருந்து இந்த அபராதத்தில் விலக்கு உண்டு, சித்தப்பா கணக்கு அதற்கு மேல். வாழ்நாளில் ஒரு ரூபாய் வரி பாக்கி வைக்காத மனிதர், அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் மூலமாக அவசர அவசரமாகத் திருத்திய ரிட்டர்ன் போட்டோம். ஆலோசகரைக் கூப்பிட்டால், "அது உங்க ஆடிட்டர் பார்க்க வேண்டியது சார்" என்று போனை வைத்துவிட்டார். தொகையைக் கூட்டச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தவரும் இவரேதான். அமெரிக்காவில் பதிவான ஃபண்டில் 60,000 டாலருக்கு மேல் வைத்திருந்து ஒருவர் இறந்துபோனால், மிச்சத்துக்கு அமெரிக்க அரசு 40 சதவீதம் வரை வாரிசு வரி போடும். வயதானவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது இல்லையா?

தகுதியை விசாரித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. அவரிடம் இருந்தது ஏ.ஆர்.என். எண். அது இந்திய மியூச்சுவல் ஃபண்டு விநியோகம் செய்ய மட்டும். முதலீட்டு ஆலோசகர் என்று போர்டு வைத்துக் கட்டணம் வாங்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். அந்த எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர்கள் கட்டணத்தை ரொக்கமாக வாங்கக்கூடாது. இவர் சித்தப்பாவிடம் 2 சதவீதம் சேவைக் கட்டணம் என்று 60,000 ரூபாயை ரொக்கமாக வாங்கியிருக்கிறார், ரசீது கிடையாது.

செபிக்கும் காவல் துறைக்கும் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஒற்றைத் தாளும், வாட்ஸப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளும்தான் எங்களிடம் இருக்கும் ஆதாரம். இப்போது திண்டுக்கல், தேனிப் பக்கம் கூட்டம் போடுகிறார் என்று கேள்விப்படுகிறோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பதறிப்போய் விற்க வேண்டாம். முதலில் புரோக்கர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பல பேருக்கு அதை அவரேதான் வைத்திருக்கிறார். வருஷாந்திர அறிக்கைகளை நீங்களே இறக்கி, வெளிநாட்டுச் சொத்து விவரம் போட்டுப் பழக்கமுள்ள ஆடிட்டரிடம் கொடுங்கள். அந்த ஆலோசகர் கொடுத்த தாளோ குரல் செய்தியோ உங்களிடம் இருந்தால் அழிக்காதீர்கள். எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.