சிமுலேட்டரில் ஐசிங்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்றின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று சத்துவாச்சாரி நண்பர் கேட்கிறார். காட்சி எப்படி, என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடமாக இதையே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவனின் மனக்குறைதான் அவருக்கு வேண்டும். திட்டப் போகிறேன் என்பதால் சிமுலேட்டரின் பெயரைச் சொல்லவில்லை.

குறை ஒன்றுதான்: ஐசிங், அதாவது பறக்கும் விமானத்தின் மேல் ஐஸ் கட்டுவது. வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஐஸைப் பற்றி என்ன கவலை என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். கத்திரி வெயிலில், கேபினெட்டிலிருந்து அனல் அடிக்க, திரையில் காக்பிட் கண்ணாடி வெள்ளையாக உறைவதைப் பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் நம் ஊர் வானத்திலும் சுமார் 16,000 அடி ஏறினால் பூஜ்யம் டிகிரி வந்துவிடும். மழைக்காலத்தில் ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் வைத்த பயணிகள் விமானத்தை 17,000 அடியில் மேகத்துக்குள் கொண்டுபோனால் ஐஸ் கட்டாயம் பிடிக்கும்.

பிடிக்கிறது, மறுக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்வதை அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். பிரச்சினை அதற்கு அப்புறம். விமானம் கொஞ்சம் கனக்கிறது, வேகம் கொஞ்சம் குறைகிறது, ஏற்றம் மந்தமாகிறது, அவ்வளவுதான். ஆட்டோபைலட் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் உறைக்கான சுவிட்சைத் தட்டினால் ஐஸ் துடைத்துப் போட்டதுபோல் காணாமல் போகிறது. நிஜத்தில் அந்த உறை உப்பி உடைத்த பிறகும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஐஸின் எடை சின்ன விஷயம். இறக்கையின் வடிவத்தை அது கெடுப்பதுதான் ஆளைக் கொல்லும். உப்புத்தாள் அளவு சொரசொரப்பு முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்று பைலட்டுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். எச்சரிக்கை ஒலி வருவதற்கு முன்பே இறக்கை ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது தூக்குவிசையை இழந்துவிடலாம். என் சிமுலேட்டரில் ஒலி எப்போதும் ஒழுங்காக முன்கூட்டியே வருகிறது. நல்ல பிள்ளை.

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் ரோஸ்லான் அருகே விழுந்த ஏடிஆர் 72-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் இறங்க முறை வரும்வரை வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே மேகத்தில் இருந்தவை பெரிய நீர்த்துளிகள், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருந்தவை. சின்னத் துளி என்றால் முன்விளிம்பில் பட்ட இடத்திலேயே உறைந்துவிடும். இவை பின்னால் வழிந்து, ரப்பர் உறை முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு வரப்பாகக் கட்டின. இறக்கையின் பின்னால் நீட்டி மடக்கும் ஃபிளாப்பை உள்ளே இழுத்ததும் விமானத்தின் கோணம் மாற, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் தானாகவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, ஆட்டோபைலட் கைவிட்டது, விமானம் புரண்டது. 68 பேர் போனார்கள். பிறகு அந்த ரப்பர் உறையை அகலப்படுத்தினார்கள்.

இதே சூழலை நான் சிமுலேட்டரில் அமைத்துப் பார்த்தேன். குளிர்ந்த தூறல், சுற்றிச் சுற்றிக் காத்திருப்பு, ஃபிளாப் 15 டிகிரி. ஒன்றும் நடக்கவில்லை. துளியின் அளவு என்று ஒன்று உண்டு என்பதே இதற்குத் தெரியாதுபோல. மேகம் உண்டா, குளிர் உண்டா, இரண்டும் இருந்தால் வெள்ளை.

வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய் ஐஸால் அடைபடுவது பாதி சரி: வேகமானி பூஜ்யத்துக்கு விழுகிறது. அந்தக் குழாயின் வடிகால் துளையும் சேர்ந்து அடைத்தால், மேலே ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டி ஏமாற்ற வேண்டும். அது இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். ஐஸ் ஒவ்வொரு இறக்கையிலும் ஒவ்வொரு விதமாகக் கட்டும். கிளீவ்லாந்தில் 1944 முதல் இதற்கென்றே ஒரு காற்றுச் சுரங்கம் ஓடுகிறது, இன்னும் வேலை தீரவில்லை. வீட்டுக் கணினியில் நொடிக்கு 30 பிரேமில் அதையெல்லாம் கணக்கிடு என்றால் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமைப்புகளில் ஐசிங்குக்கு ‘காட்சி மட்டும்’ என்று ஒரு தேர்வை வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மற்றதும் காட்சி மட்டும்தானே ஐயா!

இப்போது பாராட்டு. சிமுலேட்டரோடு சேர்த்துக்கொள்ளத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தின் ஆட்-ஆனில் கார்புரேட்டர் ஐஸ் இருக்கிறது, அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகத்துக்குள் கட்டும் ஐஸ். இதற்கு மேகமும் வேண்டாம், பூஜ்யம் டிகிரியும் வேண்டாம். பெட்ரோல் ஆவியாகும்போதும், காற்று குறுகலான வழியில் புகும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை வெளியே இருப்பதைவிட 30 டிகிரிக்கும் மேல் குறைந்துவிடலாம். ஈரப்பதம் இருந்தால் வெளியே 38 டிகிரி இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்ட முடியும். ஆம்பூர் பிரியாணிக் கடை வாசலில் மத்தியான வெயிலில் கேஸ் சிலிண்டரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதே வேலைதான்.

ஐப்பசி ஈரக்காற்றில் அப்துல்லாபுரம் ஓடுதளத்திலிருந்து கிளம்பி, ஜவ்வாது மலையைப் பார்த்துவிட்டு, எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் குறைத்து இறங்குவேன். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், சொல்லாமல் கொள்ளாமல் நழுவும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுசாக இழுத்தால் முதலில் இன்னும் குறையும், எஞ்சின் இருமும். பழக்கமில்லாதவர் பயந்து திரும்பத் தள்ளிவிடுவார். பொறுத்தால் ஐஸ் உருகி, ஆர்பிஎம் மெல்ல ஏறும். அந்தத் தடுமாற்றத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். யார் எழுதினார்களோ, அவர் நிஜமாகவே பறந்தவராக இருக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். போன அப்டேட்டில் ஐசிங்கைத் தொடவில்லை, என் ஜாய்ஸ்டிக் அமைப்பை மட்டும் அழித்துவிட்டுப் போனார்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் இன்றைக்கு என் பதில் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், என் கணினியிலேயே 152-ஐ ஓட்டிப் பாருங்கள். ஆர்பிஎம் விழும்போது நான் வாய் திறக்க மாட்டேன்.